தண்டவாளத்துக்குக் கிடைத்த விலை

போருக்குப் பின் நடந்த விசாரணைகளைப் பற்றிய படங்களில் ஒரு சின்ன இடம் என்னைத் தொடர்ந்து தொந்தரவு செய்கிறது. சாட்சி கூண்டில் ஏறுகிறார். பெயர் கேட்கிறார்கள், சொல்கிறார். ஊர், தொழில் கேட்கிறார்கள், சொல்கிறார். எழுத்தர் குறித்துக்கொள்கிறார். பார்ப்பவர்கள் அதை ஒரு காட்சியாகக்கூட எண்ணுவதில்லை. குறுக்கு விசாரணைக்காகக் காத்திருக்கிறார்கள். எனக்கு மனம் அங்கேயே நின்றுவிடுகிறது. 1961-இல் ஸ்டான்லி கிராமர் எடுத்த ‘ஜட்ஜ்மெண்ட் அட் நியூரம்பெர்க்’ படத்தில் மாண்ட்கோமரி கிளிஃப்ட் சில நிமிடங்களே வருகிறார். நாஜிகளின் நீதிமன்றம் கட்டாயக் கருத்தடைக்கு அனுப்பிய ஏழைத் தொழிலாளி அவர். எதிர்த்தரப்பு வழக்கறிஞர் அவரை மந்தபுத்திக்காரர் என்று நிறுவப் பார்க்கிறார். மூன்று சொற்களைக் கொடுத்து வாக்கியம் அமைக்கச் சொல்லும் பழைய சோதனையை எடுத்து வைக்கிறார். அந்த மனிதர் நடுங்குகிறார், தடுமாறுகிறார், கடைசியில் சட்டைக்குள்ளிருந்து தாயின் படத்தை எடுத்து நீட்டுகிறார். பார்க்கவே முடியாத அவமானம். ஆனாலும் அவர் பெயர் பதிவேட்டில் ஏறிவிட்டது. அவருக்கு நேர்ந்தது குற்றமா இல்லையா என்று முடிவு செய்ய மூன்று பேர் மேடையில் உட்கார்ந்திருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் அந்தக் கூண்டில் நான் வேறொருவரைத் தேடுகிறேன். மலாக்காவின் ஜாசின், மெர்லிமாவ், அலோர் காஜா பக்கத்துத் தோட்டங்களிலிருந்து சயாமுக்குப் போன ஒரு பால்மரத் தொழிலாளியை. அவரை எந்தப் படத்திலும் நான் பார்த்ததில்லை.

மலாக்காவில் இந்தக் கதையைத் தொடங்க வேண்டிய இடம் இல்லாமல் போன ஒரு ரயில் பாதை. 1905 முதல் தம்பினிலிருந்து மலாக்கா நகரம் வரை ஒரு கிளைப் பாதை இருந்தது, இருபது மைலுக்குச் சற்றுக் கூடுதலாக. மலாயாவின் ரப்பர் வணிகப் பயிரானதே இந்த மாநிலத்து மண்ணில்தான்: டான் சாய் யான் 1896-இல் புக்கிட் லிந்தாங்கில் நட்டார், பிறகு புக்கிட் அசஹானில் பெருந்தோட்டம் போட்டார். 1942 ஜனவரி நடுவில் ஜப்பானியப் படை மலாக்காவுக்குள் வந்தது. சயாமிலிருந்து பர்மாவுக்கு 415 கிலோமீட்டர் பாதை போட அவர்களுக்கு இரும்பு வேண்டியிருந்தது. மலாக்காக் கிளைப் பாதையைப் பிடுங்கினார்கள். தண்டவாளங்கள் வடக்கே போயின. பாதை போட ஆள் வேண்டும் என்று தோட்டத்துச் சனங்களையும் வடக்கே கொண்டுபோனார்கள். ஒரே ஊரின் இரும்பும் ஒரே ஊரின் மனிதர்களும் ஒரே காட்டுக்குப் போனதை நினைத்தால் இன்னும் எனக்கு நெஞ்சு படபடக்கிறது. கிளைப் பாதை மறுபடி போடப்படவேயில்லை. மலாக்கா நகரத்துக்கு இன்றும் ரயில் கிடையாது. ரயிலில் வருகிறவர்கள் புலாவ் செபாங் தம்பின் ஸ்டேஷனில் இறங்கி பஸ்ஸோ வாடகைக் காரோ பிடிக்கிறார்கள். அந்த எரிச்சலை எல்லாரும் அறிவார்கள். அதன் காரணம் தெரிந்தவர்கள் குறைவு.

ஆட்கள் போன விதம் தோட்டத்துக்குத் தோட்டம் மாறும். முதலில் ஆசை காட்டினார்கள்: மூன்று மாத வேலை, நாளுக்கு ஒரு வெள்ளி, அரிசி உண்டு. துரைமார் ஓடிப்போய், ரப்பர் வாங்க ஆளில்லாமல், பால் வெட்டு நின்று, மரவள்ளிக்கிழங்கைத் தின்று கிடந்த சனங்களுக்கு அரிசி என்ற சொல்லே போதும். போனவர்களிடமிருந்து ஒரு சேதியும் வராததைக் கண்டு மற்றவர்கள் உஷாரானதும் பிடித்துக்கொண்டு போகும் காலம் வந்தது. இலவசப் படம் காட்டுவதாகக் கூட்டிக் கதவைச் சாத்தியதை, சாலையில் போனவனை லாரியில் ஏற்றியதை எல்லாம் பல தோட்டங்களில் சொல்வார்கள். இவை இரண்டுக்கும் நடுவில் இன்னொரு வழி இருந்தது. அதுதான் என்னை அதிகம் வதைக்கிறது: இந்தத் தோட்டத்திலிருந்து இத்தனை தலை என்று உத்தரவு வரும், ஆபீசில் பெயர்ப் பட்டியல் போடுவார்கள். பட்டியல் எழுதப் புதிதாக எதையும் தேட வேண்டியதில்லை. செக்ரோல் இருந்தது. காலை இருட்டில் பெரட்டுக்களத்தில் நிற்க வைத்துப் பெயர் கூப்பிட்டு ஆள் கணக்கெடுக்கும் அந்த நீளப் புத்தகத்தில் ஒவ்வொரு தொழிலாளியும் ஒரு வரி. கூலியைக் கணக்கிடுவதற்காக வெள்ளைக்காரக் கம்பெனி பராமரித்த புத்தகம், ஆளை அனுப்புவதற்கு ஜப்பான்காரனுக்கும் உதவியது. போனவர் எங்கே செத்தார், எப்போது செத்தார் என்று நிரூபிப்பதற்கு மட்டும் அது யாருக்கும் உதவவில்லை.

1946-இல் சிங்கப்பூரில் பிரிட்டிஷ் இராணுவ நீதிமன்றங்கள் உட்கார்ந்தன. 1948 வரை அங்கு மட்டும் 131 வழக்குகள். ‘டபுள் டென்த்’ வழக்கில் கெம்பெய்த்தாய் என்ற ஜப்பானிய இராணுவப் போலீஸின் அதிகாரி சுமிதா ஹருசோவும் இன்னும் இருபது பேரும் நின்றார்கள். எட்டுப் பேருக்குத் தூக்கு. மரண ரயில் என்று பெயர் பெற்ற அந்தச் சயாம்–பர்மா பாதை பற்றியும் வழக்குகள் நடந்தன. பாதைக் கட்டுமானத்துக்குத் தலைமை தாங்கிய இஷிதா எய்குமாவுக்குப் பத்தாண்டு. அவரோடு நின்ற இஷீயும் நாகமுராவும் தூக்கிலிடப்பட்டார்கள். ‘எஃப் ஃபோர்ஸ்’ என்ற பிரிவில் அனுப்பப்பட்ட 7,000 போர்க்கைதிகளில் 3,000-க்கு மேற்பட்டோர் மாண்டதற்காகத் தனி வழக்கு. முகாம்களுக்குப் பொறுப்பான பன்னோவுக்கு மூன்றாண்டுச் சிறை. ரயில் பாதையில் நடந்த கொடுமைகளுக்காக மொத்தம் 111 பேர் தண்டிக்கப்பட்டார்கள், 32 பேருக்கு மரண தண்டனை என்பது பொதுவாகச் சொல்லப்படும் கணக்கு. இந்த வழக்குகளின் மையத்தில் இருந்தவர்கள் ஏறத்தாழ 60,000 போர்க்கைதிகள், அவர்களில் இறந்த 12,000 பேர். அதே பாதையில் வேலை செய்த ஆசியத் தொழிலாளர்கள் இரண்டு லட்சத்துக்கு மேல். மலாயாவிலிருந்து மட்டும் எழுபதாயிரத்துக்கு மேல், அதில் பெரும்பகுதி தோட்டத் தமிழர். ஆசியத் தொழிலாளர்களின் சாவுக் கணக்கு 90,000 வரை போகிறது. கணக்கு என்று எழுதவே கூசுகிறது. 12,000 பேரின் சாவு எண்ணப்பட்டது, மற்றது மதிப்பிடப்பட்டது.

இதற்குச் சட்டம் காரணம் என்று ஒருவர் வாதிடலாம், அந்த வாதத்தைத் தள்ளிவிட முடியாது. போர்க்கைதிகளை எப்படி நடத்த வேண்டும் என்பதற்கு 1929-இன் ஜெனீவா உடன்படிக்கை இருந்தது. உணவு, மருந்து, வேலை நேரம், தண்டனை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு விதி. விதி இருந்தால் மீறலைக் காட்டுவது எளிது. தோட்டத் தொழிலாளிக்கு அப்படி ஒரு உடன்படிக்கை இல்லை. ஆக்கிரமிக்கப்பட்ட மண்ணின் குடிமக்களைப் பற்றி 1907-இன் ஹேக் விதிகள் சில வரிகள் பேசுகின்றன, அவ்வளவுதான். சட்டத்தைவிடப் பெரிய காரணம் ஒன்றும் உண்டு. கைதிகளிடம் அதிகாரிகள் இருந்தார்கள், மருத்துவர்கள் இருந்தார்கள். மூங்கில் குழாய்க்குள் நாட்குறிப்பை ஒளித்து வைத்தார்கள், இறந்தவர்களின் பட்டியலைப் புதைத்து வைத்தார்கள், கல்லறைக்கு அடையாளம் நட்டார்கள். விடுதலையானதும் விசாரணைப் படிவங்களை நிரப்பினார்கள். நம் சனங்களைக் குடும்பத்தோடு கொண்டுபோயிருந்தார்கள். காலராவில் முகாமே படுத்தபோது எழுதி வைக்க ஆளில்லை. செத்தவர்களைக் குழியில் தள்ளினார்கள், எரித்தார்கள், சில இடங்களில் ஆற்றில் விட்டார்கள். கைதிகளின் அறிக்கைகளிலும் பிற்கால நினைவுக் குறிப்புகளிலும் தமிழர் வருகிறார்கள். எப்படி வருகிறார்கள் என்பதைப் படிக்கும்போதுதான் வலிக்கும்: மேல்மேட்டு முகாமில் இருந்துகொண்டு நீரோடையை அசுத்தப்படுத்தியவர்களாக, காலராவைக் கொண்டுவந்தவர்களாக. எழுதியவர்கள் கெட்டவர்கள் அல்லர். அவர்களில் சிலரை ‘கே ஃபோர்ஸ்’, ‘எல் ஃபோர்ஸ்’ என்ற மருத்துவப் பிரிவுகளாகத் தொழிலாளர் முகாம்களுக்கே அனுப்பினார்கள். அவர்கள் எழுதி வைத்ததால்தான் அந்த முகாம்களின் உள்நிலையில் பாதியாவது இன்று நமக்குத் தெரிகிறது. தொழிலாளர் மருத்துவமனைகளில் நடந்த கொடுமைகளுக்காகச் சிங்கப்பூரில் வழக்கும் நடந்தது. ஆகவே முழுக்க மறந்துவிட்டார்கள் என்று சொன்னால் அது நியாயமாகாது. நம் கதையை இன்னொருவர் சொல்லிக் கேட்டார்கள். அதை எப்படி எடுத்துக்கொள்வது என்பதில்தான் எனக்குத் தீர்வு கிடைக்கவில்லை.

டோக்கியோ தீர்ப்பாயத்துக்கும் இது பொருந்தும். 1946 மே முதல் 1948 நவம்பர் வரை நடந்த அந்த விசாரணையின் பெருந்தீர்ப்பில் பர்மா–சயாம் ரயில் பாதைக்கென்றே ஒரு பகுதி இருக்கிறது. பர்மியர், தமிழர், ஜாவானியர், மலாய்க்காரர், சீனர் என்று தொழிலாளர்களைப் பிரித்துச் சொல்கிறது. 150,000 பேரில் குறைந்தது 60,000 பேர் இறந்ததாகப் பதிகிறது. எங்கள் ஊர்க் கோயில் திருவிழாவுக்கு வரும் கூட்டத்தில் யாரிடமாவது டோக்கியோத் தீர்ப்பில் தமிழர் என்ற பெயர் இருக்கிறது என்று சொன்னால் நம்புவார்களா? இருக்கிறது. சில வாக்கியங்களில் கடந்துபோய்விடுகிறது. அந்தத் தீர்ப்பாயத்தின் பதினொரு நீதிபதிகளில் ஒருவர் இந்தியர், ராதாபினோத் பால். 2016-இல் வந்த ‘டோக்கியோ ட்ரையல்’ தொடரில் இர்ஃபான் கான் அவராக நடித்தார். அந்தக் களைத்த கண்களோடு, ஹோட்டல் அறையில் புத்தகங்களுக்கு நடுவே, தன்னந்தனியாக ஆயிரத்துச் சொச்சம் பக்கம் மறுப்புத் தீர்ப்பு எழுதும் மனிதராக. வென்றவன் தோற்றவனை விசாரிப்பது நீதியாகுமா, நேற்றுவரை நாடுகளைப் பிடித்து ஆண்டவர்கள் இன்று ஆக்கிரமிப்பைக் குற்றம் என்று சொல்லலாமா என்று பால் கேட்டார். அந்தக் கேள்வி எனக்கும் உரியது. என் முன்னோர்களைக் கப்பலேற்றியது அந்த ஆட்சிதான். கொடுமைகள் நடந்ததை அவர் மறுக்கவும் இல்லை. இருந்தாலும் அந்தத் தொடரைப் பார்த்து முடித்தபோது மனம் ஆறவில்லை. இரு சாம்ராஜ்யங்களும் ஒருவரையொருவர் குற்றம் சாட்டிக்கொண்ட அந்த மண்டபத்தில், இரண்டு பேருக்கும் கூலியாக உழைத்தவனின் வழக்கை எந்தத் தரப்பு எடுத்து நடத்தியிருக்கும்? பாலின் மறுப்பு எவ்வளவு துணிச்சலானதோ, அவ்வளவுக்கு அது நம்மைத் தாண்டிய உயரத்தில் நடந்த வாதம். இன்று யாசுகுனி ஆலயத்தில் அவருக்கு நினைவுக்கல் இருக்கிறது. அதற்கு அவர் பொறுப்பல்ல. ஆனால் அந்தக் கல்லைப் பற்றி நினைக்கும்போதெல்லாம் குவாய் ஆற்றங்கரைக் குழிகள் கூடவே நினைவுக்கு வருகின்றன.

இன்னொரு நீதிமன்றத்தில் மலாயாத் தமிழனைக் கணக்கில் எடுத்தார்கள், அதுவும் பெருமையோடு. 1945 நவம்பர் 5 அன்று டில்லி செங்கோட்டையில் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவ (ஐ.என்.ஏ.) அதிகாரிகளான ஷா நவாஸ் கான், சேகல், தில்லன் மூவர் மீதும் இராணுவ விசாரணை தொடங்கியது. 2017-இல் வந்த ‘ராக் தேஷ்’ அந்த விசாரணையைத்தான் படமாக்கியது. நேரு பல ஆண்டுகளுக்குப் பிறகு வழக்கறிஞர் அங்கியைப் போட்டுக்கொண்டு வந்தார்; வாதத்தைத் தாங்கியவர் உடல்நலம் குன்றியிருந்த புலாபாய் தேசாய். அடிமைப்பட்ட நாடு தன் விடுதலைக்காகப் போர் தொடுக்கலாம். ஆசாத் ஹிந்த் ஒரு முறையான அரசு. அதற்கு மக்கள் இருந்தார்கள், விசுவாசப் பிரமாணம் இருந்தது, பணம் இருந்தது என்று அவர் அடுக்கினார். மலாயாவில் மட்டும் இரண்டு லட்சத்து முப்பதாயிரம் பேர் பிரமாணம் எடுத்தார்கள் என்பது அந்த வாதத்தின் தூண்களில் ஒன்று. அவர்களில் தோட்டத்து மக்கள் எத்தனை பேர் இருந்திருப்பார்கள் என்பதை எங்கள் பக்கத்துக் குடும்பங்களைக் கேட்டால் தெரியும். நகையைக் கழற்றிக் கொடுத்த அம்மாக்கள், ஜான்சி ராணிப் படைக்குப் போன பெண்கள், துப்பாக்கி பிடித்துத் தலை நிமிர்ந்தவர்கள். நேதாஜியின் படம் மாட்டியிருந்த லயத்து வீட்டில் வளர்ந்தவன் நான். அந்த நிமிர்வை யாரும் என்னிடமிருந்து பிடுங்க முடியாது. அதனாலேயே இந்தக் கேள்வியைக் கேட்கும் கடமையும் இருக்கிறது. மரண ரயிலின் இரு முனைகளும் கொன்கோய்த்தாவில் இணைந்தது 1943 அக்டோபர் 17. சிங்கப்பூரில் ஆசாத் ஹிந்த் அரசு பிரகடனமானது அக்டோபர் 21. நடுவில் நான்கு நாள். அந்த அரசின் குடிமக்கள் என்று செங்கோட்டையில் எண்ணப்பட்டவர்களின் அண்ணன் தம்பிகள் அதே மாதம் நட்பு நாட்டின் படையிடம் செத்துக்கொண்டிருந்தார்கள். சயாமுக்குப் பிடித்துக்கொண்டு போய்விடுவார்கள் என்று பயந்தே ஐ.என்.ஏ.வில் சேர்ந்தவர்களும் உண்டு. பெரியவர்கள் இதை மறைக்காமல் சொல்வார்கள். தேசாய் இதைப் பேசியிருக்க முடியாது. எதிரே அமர்ந்திருந்தவர்கள் வெள்ளை ஆட்சியின் இராணுவ நீதிபதிகள். மூன்று உயிர் கயிற்றின் கீழ் இருந்தது. மூவருக்கும் விதித்த ஆயுள் தண்டனையை 1946 ஜனவரித் தொடக்கத்தில் தலைமைத் தளபதி ஆக்கின்லெக் ரத்து செய்தார். நாடே கொண்டாடியது, மலாயாவும் கொண்டாடியது. அந்தக் கொண்டாட்டத்தின் நாட்களில்தான் சயாமில் உயிர் தப்பிய எலும்புக்கூடுகள் தோட்டங்களுக்குத் திரும்பிக்கொண்டிருந்தன.

தோட்டத்தில் என்ன விசாரணை நடந்தது? என் பாட்டி ஜாசின் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் பால் வெட்டியவர். அவர் சொன்னதைச் சொல்கிறேன். சாட்சியம் என்ற அளவில் இது இரண்டாம் வாய். பக்கத்து லயத்தில் ஒரு பெண். புருஷன் சயாமுக்குப் போய்த் திரும்பவில்லை. கூடப் போனவர்களில் திரும்பி வந்த ஒருத்தருக்கும் அவன் எந்த முகாமில் இருந்தான் என்று தெரியவில்லை. செத்தான் என்று சொல்ல ஆளில்லாததால் அவள் தாலியைக் கழற்றவில்லை. தலைக்குப் பூ வைப்பதா வேண்டாமா என்பதைப் பற்றி லயத்தில் இரண்டு கட்சி. அவள் மனதில் வேறொன்று உறுத்திக்கொண்டிருந்தது. பட்டியலில் முதலில் இருந்தது தன் புருஷன் பெயர் இல்லை, யாரோ கோழியும் பணமும் கொடுத்து மாற்றிவிட்டார்கள் என்று நம்பினாள். ஒரு வெள்ளிக்கிழமை ஆபீஸ் வாசலில் போய் நின்று, “ஐயா, நீங்க முனியாண்டி முன்னால சூடம் அணைச்சுச் சொல்லுங்க, அது போதும்” என்றாளாம். பட்டியல் எழுதிய ஆபீஸ் எழுத்தரான கிராணி மறுக்கவில்லை. குளித்து ஈர வேட்டியோடு வந்தார். தண்டல் அவர் உள்ளங்கைக்கு எதிரே தட்டில் சூடத்தை ஏற்றினார். தோட்டமே சுற்றி நின்றது. கிராணி கையை நீட்டினார். நீட்டிய கை அப்படியே நின்றது. அணைக்கவும் இல்லை, பின்வாங்கவும் இல்லை. சூடம் தானாக எரிந்து தீரும்வரை பார்த்துக்கொண்டு நின்றார். தட்டில் கரி மட்டும் மிஞ்சியதும் கும்பிட்டுவிட்டு நடந்து போய்விட்டார். கொஞ்ச நாளில் வேறு தோட்டத்துக்கு மாற்றல் வாங்கிக்கொண்டார். அவர் ஒப்புக்கொண்டுவிட்டார் என்று ஒரு சாரார். பொய்ச் சத்தியம் செய்யாமல் மானத்தைக் காத்துக்கொண்டார் என்று ஒரு சாரார். யார் பெயரை எழுதினோம் என்பதே அவருக்கு மறந்திருக்கும், அதுதான் கை நின்றது என்று என் பாட்டி. எல்லாருடைய பெயரையும் எழுதியவன் எந்தப் பெயருக்காகச் சூடம் அணைப்பான் என்று கேட்பார்.

அந்தக் கிராணியை எந்த நீதிமன்றமும் விசாரிக்கவில்லை. விசாரித்திருக்க வேண்டுமா என்பதில் என் மனம் ஒரு நிலையில் நிற்பதில்லை. ஜப்பான் சரணடைந்து பிரிட்டிஷார் திரும்பி வருவதற்கு நடுவிலான வாரங்களில் ஜப்பானை எதிர்த்துப் போரிட்ட மூன்று நட்சத்திரக்காரர்கள் காட்டிலிருந்து இறங்கி வந்து மக்கள் விசாரணை என்ற பெயரில் பலரைச் சுட்டார்கள், வெட்டினார்கள். கங்காணி, போலீஸ்காரர், காட்டிக்கொடுத்தவர் என்று சந்தேகப்பட்டாலே போதும். அது நீதியாக இருக்க முடியாது. சட்டப்படி நடந்த சிங்கப்பூர் விசாரணைகளிலும் கயிற்றுக்குப் போனவர்களில் கணிசமானோர் கீழ்நிலைக்காரர்கள். கைதிகளின் முகத்துக்கு நேரே அடித்தவர்கள், ஆகவே முகம் நினைவில் நின்றவர்கள். போர்க்குற்றங்களுக்காகத் தண்டிக்கப்பட்டவர்களில் 148 பேர் கொரியர்கள், 23 பேர் கொல்லப்பட்டார்கள். பெரும்பாலும் முகாம் காவலர்கள். ஜப்பானுக்கு அடிமைப்பட்ட நாட்டிலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். அடித்தது உண்மை. அவர்களையும் ஒருவன் அடித்துக்கொண்டிருந்தான் என்பதும் உண்மை. பட்டியல் கேட்டு வந்த சிப்பாய் முன்னால் பேனாவோடு உட்கார்ந்திருந்த கிராணியையும் அப்படித்தான் பார்க்கத் தோன்றுகிறது. அடுத்த நிமிடமே அந்தப் பெண் நினைவுக்கு வருகிறாள். அவள் தூக்குத் தண்டனை கேட்கவில்லை. என் புருஷன் பெயர் எப்படி வந்தது என்று எல்லார் முன்னிலையிலும் ஒருவர் சொல்ல வேண்டும், அவ்வளவுதான் அவள் வழக்கு. சிங்கப்பூர், டோக்கியோ, டில்லி மூன்றிலும் அந்த வழக்குக்கு எண் கொடுக்கப்படவில்லை.

போருக்குப் பிந்தைய நீதிமன்றம் ஒன்றில் தமிழ்த் தொழிலாளர் தலைவர் ஒருவர் முழுப் பெயரோடு நின்றார் என்பதையும் சொல்ல வேண்டும். எஸ்.ஏ. கணபதி, ஐ.என்.ஏ.வில் இருந்தவர், அகில மலாயாத் தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவர். நின்றது குற்றவாளிக் கூண்டில். 1948-இல் அறிவிக்கப்பட்ட அவசரகாலச் சட்டத்தில் துப்பாக்கி வைத்திருந்தாலே தூக்கு. இந்திய அரசு கருணை கேட்டது. 1949 மே 4 அன்று கோலாலம்பூர் புடு சிறையில் தூக்கிலிட்டார்கள். எழுபதாயிரம் பேரை அனுப்பிய கதைக்குச் சாட்சி தேட நேரமில்லாத ஆட்சி, ஒரு கைத்துப்பாக்கி வழக்கை இரண்டு மூன்று மாதத்தில் முடித்துவிட்டது. இதற்கு மேல் அதைப் பற்றி எழுத எனக்குக் கை வரவில்லை.

கணக்குத் தீர்த்த விதத்துக்கு வருகிறேன். போர் முடிந்ததும் ரயில் பாதையின் சயாம் பகுதி பிரிட்டிஷார் கையில் இருந்தது. 1946-இல் அதைத் தாய்லாந்து அரசுக்கு விற்றார்கள். விலை 12,50,000 பவுன். அந்தப் பணம் எதற்கு? பாதை போடுவதற்காக ஜப்பானியர் அண்டை நாடுகளிலிருந்து பிடுங்கிக்கொண்டு போன ரயில் தளவாடங்களுக்கு நட்டஈடு கொடுக்க. மலாக்காக் கிளைப் பாதையின் தண்டவாளங்கள் அந்தத் தளவாடங்களில் சேர்ந்தவை. அவற்றின் நீளம் ரயில்வே பதிவேட்டில் இருந்தது, எடை இருந்தது, உரிமையாளர் யார் என்று இருந்தது. மனிதர்களுக்கு? 1951-இன் சான் பிரான்சிஸ்கோ ஒப்பந்தத்தின் 16-ஆம் பிரிவு நட்டஈடு பற்றிப் பேசுகிறது. ஜப்பானிடம் கைதியாகி அவதிப்பட்ட நேச நாட்டு ஆயுதப் படையினருக்கு. தோட்டத் தொழிலாளி ஆயுதப் படை இல்லை. மலாயாவுக்காகக் கையெழுத்திட்டது பிரிட்டன். 1962-இல் சிங்கப்பூரில் சீனர்களின் பெருங்குழிகள் தோண்டியெடுக்கப்பட்ட பிறகு இரத்தக் கடன் என்ற முழக்கம் எழுந்தது. அந்தச் சீனர்களை ஜப்பானியர் கொன்று குவித்த சூக் சிங் படுகொலை வழக்கில் ஏழு பேரில் இரண்டே பேருக்குத் தூக்கு என்றபோதே 1947-இல் கொந்தளித்த சமூகம் அது. வணிகச் சங்கங்கள், பத்திரிகைகள், பணம் எல்லாம் பின்னால் இருந்தன. அந்த அழுத்தத்தில்தான் 1967 செப்டம்பரில் ஜப்பான் மலேசியாவுக்கு 25 மில்லியன் வெள்ளி பெறுமானத்தைக் கொடுக்க ஒப்புக்கொண்டது. அரசுக்கு அரசு. கப்பலாக வந்தது. சீனக் குடும்பங்களின் கைக்கும் அது போகவில்லை. அந்த ஆண்டுகளில் மலாக்காத் தோட்டங்களில் பலர் கவலைப்பட்டுக்கொண்டிருந்தது குடியுரிமைக்கும் வேலை அனுமதிக்கும். துண்டாடி விற்கப்பட்ட தோட்டங்களிலிருந்து சனங்கள் வெளியேறிக்கொண்டிருந்தார்கள். போன இடத்துக்குச் செக்ரோலை யாரும் எடுத்துப் போகவில்லை.

எழுத்தாளர்கள் தங்களால் ஆனதைச் செய்தார்கள். ஆர். சண்முகம் ‘சயாம் மரண ரயில்’ எழுதினார்; அ. ரெங்கசாமி ‘நினைவுச் சின்னம்’ எழுதினார். காஞ்சனபுரியில் போர்க்கைதிகளுக்கு ஏறத்தாழ ஏழாயிரம் கல்லறைகள், வெட்டிய புல், பெயர் பொறித்த பலகைகள். அண்மை ஆண்டுகளில்தான் அங்கே ஒரு பௌத்த ஆலய வளாகத்தில் தமிழருக்கு நடுகல் எழுந்தது. இவற்றை எழுப்பியவர்களை வணங்குகிறேன். ஆனால் நாவல் கற்பனைப் பெயரைத் தாங்கி நிற்கிறது, நடுகல் எல்லாருக்கும் சேர்த்து ஒன்றாக நிற்கிறது. கூண்டில் ஏறிப் பெயர், ஊர், தொழில் சொல்வது வேறு. ஒரு திரைப்படக்காரர் என்னிடம் வந்து இதைப் படமாக்கட்டுமா என்று கேட்டால் சயாமில் எடுக்க வேண்டாம் என்பேன். காடும் பாலமும் சவுக்கடியும் போதுமான அளவு பார்த்தாயிற்று. ஆபீஸ் வாசலிலிருந்து முனியாண்டி கோயில்வரை ஒரே தோட்டத்துக்குள் எடுக்கச் சொல்வேன். எதிரியாக யாரை நிறுத்துவது என்பதை அவரே முடிவு செய்யட்டும். தீர்ப்பு எழுதும் துணிவு எனக்கு இல்லை.

இதில் கற்பனைக்குக் காத்திருக்கத் தேவையில்லாத வேலை ஒன்றும் உண்டு. சிங்கப்பூர் வழக்குகளின் கோப்புகள் லண்டன் கியூவில் யாரும் பார்க்கும்படி இருக்கின்றன. வழக்குகளின் விவரம் இணையத்திலும் கிடைக்கிறது. எதிரிகளின் பெயர், பதவி, தண்டனை எல்லாம் வரிசையாக இருக்கிறது. அந்த விசாரணைகளை நடத்த அனுமதித்த 1945 ஜூன் ராயல் வாரண்டைப் படித்தபோது எட்டாவது விதியில் நெடுநேரம் நின்றேன். வழக்கமான நீதிமன்றம் ஏற்காத சாட்சியத்தையும் இந்த நீதிமன்றம் ஏற்கலாம் என்கிறது: இறந்தவர் சொல்லி வைத்தது, வர முடியாதவர் எழுதிக் கொடுத்தது, உண்மையானது என்று தோன்றும் எந்தக் காகிதமும். நாடு திரும்பிய வெள்ளைக்காரக் கைதிகளின் வாக்குமூலங்கள் அந்த வாசல் வழியாகத்தான் உள்ளே வந்தன. யாராவது ஒரு எழுத்தர் 1946-இல் தம்பின் ஸ்டேஷனிலோ ஜாசின் தோட்டத்து ஆபீசிலோ ஒரு மேசையைப் போட்டு உட்கார்ந்திருந்தால் போதும். அன்று சயாமுக்குப் போனவர்களின் பிள்ளைகள் இன்று எண்பதைத் தாண்டி, தாமான் வீடுகளில் பேரப்பிள்ளைகளோடு இருக்கிறார்கள். அப்பா எந்தத் தோட்டம், எத்தனையாவது லயம், எந்தக் கங்காணி, யாரோடு போனார், யார் திரும்பி வந்து என்ன சொன்னார் என்பதைக் கேட்டால் தயங்காமல் சொல்கிறார்கள். கைபேசியில் பதிவு செய்து, தேதி போட்டு, கீழே கையெழுத்தோ கைநாட்டோ வாங்கி வைக்கலாம். எட்டாவது விதி அதைச் சாட்சியமாக எடுத்துக்கொண்டிருக்கும்.